குடலைக் கழுவினால் தோலும் மூட்டும் ஆறுமா?

கேள்வி: பட்டர்வொர்த் தம்பி, 6 ஜனவரி 2024

அக்கா, எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே சொரியாசிஸ் என்ற தோல் நோய். போன வருடம் ஒரு விரல் வீங்கியது, ஸ்பெஷலிஸ்ட் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது வாட்சப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தோல் நோய், மூட்டு வலி எல்லாவற்றுக்கும் வேர் குடல் பாக்டீரியாதானாம். குடலைச் சுத்தம் செய்து நல்ல பாக்டீரியாவை ஏற்றிவிட்டால் மருந்தே தேவைப்படாதாம். ஒரு செட் 380 மலேசிய வெள்ளி. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொஞ்ச நாள் எடுத்துப் பார்க்கலாமா?

6 ஜனவரி, இரவு

நிறுத்தாதீர்கள் தம்பி. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மூட்டிலும் அழற்சி வரும். விரல் முழுவதும் தடித்து வீங்குவது அதன் முக்கியமான அடையாளம். தோலில் வந்த படை ஆறினால் தழும்புகூட இருக்காது. மூட்டு அப்படியில்லை, எலும்பு அரிக்கப்பட்டுவிட்டால் எந்த மருந்தாலும் பழையபடி ஆகாது. அயர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு நிபுணரைப் பார்க்க ஆறு மாதம் தாமதித்தவர்களுக்கே எலும்பு அரிப்பு கூடுதலாக இருந்தது. "கொஞ்ச நாள்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். கிழமையைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள். தவறி தினமும் விழுங்கிய சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

8 ஜனவரி

நான் மருத்துவர் இல்லை. பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உணவு மாதிரிகளைத் தட்டில் வளர்த்து, எந்தக் கிருமி எத்தனை என்று எண்ணுவது என் தொழில். எனக்கும் சொரியாசிஸ், அதோடு மூட்டு அழற்சியும் உண்டு. அண்ணனுக்கு முதுகெலும்பு இறுகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ஆகவே இந்த விஷயத்தை வேலையாகவும் வீட்டு விவகாரமாகவும் வெகு காலமாகப் படித்து வருகிறேன்.

அந்த வீடியோ சொல்வதில் பாதி உண்மை. குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு நிச்சயமாக இருக்கிறது. அதனால்தான் அதை வைத்து விற்பவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது. முழுப் பொய் என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

1960களிலும் 70களிலும் உடல் பருமனைக் குறைக்க ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் இணைப்பார்கள். ஒதுக்கப்பட்ட குடலில் உணவு ஓடாது, பாக்டீரியா மண்டும். அப்படிச் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டு வலி வந்தது, தோலில் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பின. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கியது. குடலைத் திரும்பப் பழையபடி இணைத்ததும் போயே போய்விட்டது. மனித உடம்பில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது எலிகள். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு ஸ்பாண்டிலைட்டிஸோடு சேர்ந்தே வருகிறது என்பது 1973இல் தெரிந்தது. 1990இல் அந்த மனித மரபணுவை எலிக்குள் வைத்தார்கள். எலிக்குக் குடல் அழற்சி, மூட்டு அழற்சி, தோல் மாற்றம் எல்லாம் வந்தன. 1994இல் அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தார்கள். குடலும் மூட்டும் நன்றாக இருந்தன! மரபணு அப்படியேதான் இருந்தது, பாக்டீரியா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனிதர்களிலும் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து மருத்துவர்கள் 1980களில் ஒன்றைக் கண்டார்கள். ஸ்பாண்டிலைட்டிஸ் வகை நோயாளிகளின் குடலைக் குழாய் விட்டுப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதிப்பேருக்கு நுண்ணோக்கியில் அழற்சி தெரிந்தது. அவர்களில் பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது.

இதெல்லாம் போக, நாங்கள் ஆய்வுக்கூடத்தில் தினமும் தேடுகிற சால்மொனெல்லா இருக்கிறதே, அது கெட்ட உணவு வழியாக உள்ளே போய் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, வயிறு சரியாகிச் சில வாரம் கழித்து முழங்காலை வீங்க வைக்கக்கூடியது. ஷிகெல்லா, கம்பைலோபாக்டர் ஆகியவையும் அப்படியே. கூட வேலை செய்யும் ஒருவருக்கு இது வந்து, நொண்டி நொண்டி வேலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

8 ஜனவரி, பின்னிரவு

முக்கியமான ஒன்றை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை. கிருமியில்லாக் கூண்டில் வளர்ந்த அந்த எலிகளுக்கும் தோல் நோய் மட்டும் வந்தது. குடல் தப்பியது, மூட்டு தப்பியது, தோல் தப்பவில்லை. தோலும் மூட்டும் ஒரே வேரிலிருந்து கிளம்புகின்றன என்று வீடியோவில் சொல்பவர் இந்த ஆய்வை முழுதாகப் படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

13 ஜனவரி

இங்கே ஒருவர், "உடம்பில் நம் செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு" என்று எழுதியிருக்கிறார். பல காலம் பாடப் புத்தகங்களிலேயே இருந்த கணக்குதான். 2016இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் திரும்ப உட்கார்ந்து எண்ணினார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல். கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதுவே பிரமிப்பான எண்தான், பத்து மடங்கு வேண்டியதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எழுதிய தங்கைக்கு: மலத்தை ஒரு தனியார் ஆய்வுக்கு அனுப்பி, "பிரிவோடெல்லா அதிகம், முடக்குவாத அபாயம்" என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வந்ததாகச் சொன்னீர்கள். பிரிவோடெல்லா ஒரு குடல் பாக்டீரியா, முடக்குவாதம் என்பது ருமட்டாய்டு மூட்டழற்சி. தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், விஷயத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பயம் 2013இல் நியூயார்க்கில் நடந்த ஆய்விலிருந்து வருகிறது. 114 பேருடைய மலத்தைப் பார்த்தார்கள். புதிதாக முடக்குவாதம் வந்து, இன்னும் மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரிடம் பிரிவோடெல்லா கோப்ரி இருந்தது. ஆரோக்கியமானவர்களில் 21 சதவீதம். பார்த்தால் தலை சுற்றும் வித்தியாசம்தான். ஆனால் அதே ஆய்வில், நோய் வந்து பல வருடம் ஆகி மருந்து எடுத்துவந்தவர்களில் 12 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் நோய் பாக்டீரியாவை மாற்றியதா, பாக்டீரியா நோயைக் கொண்டுவந்ததா, மருந்து இரண்டையும் மாற்றியதா? ஒரே ஒரு தடவை எடுத்த மலம் இதைச் சொல்லாது.

அதோடு, தானியமும் பயறும் நிறையச் சாப்பிடும் மக்களிடம் பிரிவோடெல்லா இயல்பாகவே அதிகம். சாம்பார், கீரை, கடலை என்று வளர்ந்த நம் வீட்டுக் குடலில் அது இருந்தால் ஆச்சரியமே இல்லை. அதற்குள்ளும் பல ரகங்கள் உண்டு, எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. மரபணுவைப் படித்துத் தரும் இந்த வகைச் சோதனை எது எவ்வளவு பங்கு என்று சொல்லும், மொத்தத்தில் எத்தனை என்று பெரும்பாலும் சொல்லாது. உங்களுக்குக் காலையில் விரல் இறுக்கம் இருக்கிறதா? வீக்கம்? இல்லையென்றால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். இருந்தால் மூட்டைக் காட்டுங்கள், மல அறிக்கையை அல்ல.

17 ஜனவரி

பொங்கல் முடிந்த கையோடு சாப்பாட்டுக் கேள்விகளாகக் குவிந்திருக்கின்றன. இட்லி, பழைய சோறு, மோர், டெம்பே. நல்லது, எனக்குப் பிடித்த பேச்சு.

இட்லி மாவைப் புளிக்க வைப்பவை லூக்கோனோஸ்டாக் முதலான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். மாவு பொங்கி வழியும் அளவுக்கு வேலை செய்யும். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துப்போகும். ஆகவே இட்லியால் "நல்ல பாக்டீரியா ஏறும்" என்பது சரிவராது. இட்லி வேறு காரணங்களுக்காக நல்லது. டெம்பே பாக்டீரியாவே அல்ல, ரைசோபஸ் என்ற பூஞ்சை சோயாவைக் கட்டிப் பிடித்து உருவாவது. அதையும் பொரித்துத்தான் சாப்பிடுகிறோம். தயிரிலும் மோரிலும் உயிரோடு வரும், உண்மை. ஆனால் தயிர்ப் பாக்டீரியா குடலில் குடியேறுவதில்லை, போகிற வழியில் தங்கிவிட்டுப் போய்விடும்.

குடலில் ஏற்கனவே இருப்பவற்றுக்கு என்ன சாப்பாடு போடுகிறோம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மால் செரிக்க முடியாத நார், பெருங்குடலுக்குப் போய் அங்கே உள்ளவற்றுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். நோய் எதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் ஒழுங்குச் செல்கள் பெருகவும் அது உதவுகிறது என்று 2013இல் எலிகளில் காட்டினார்கள். சௌராஸ்தா சந்தையில் கீரை, கொய்யா, பச்சைப் பயறு எல்லாம் கிடைக்கிறது. 380 வெள்ளிக்கு எத்தனை வாரக் காய்கறி வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் கீரை தின்றால் சொரியாசிஸ் போகுமா? போகாது. நான் ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

18 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ சாப்பாட்டால் ஒன்றுமே ஆகாதா அக்கா?" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன், என் சொற்களில் கொஞ்சம் கடுமை கூடிவிட்டது என்றே தோன்றுகிறது. ஒரு விஷயத்தில் சாப்பாடு கட்டாயம் வேலை செய்யும், அது உடல் எடை. எடை அதிகமுள்ள சொரியாசிஸ் நோயாளிகள் எடையைக் குறைத்தால் படையும் குறைகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது. அமெரிக்க சொரியாசிஸ் அறக்கட்டளையின் 2018ஆம் ஆண்டு உணவுப் பரிந்துரையில் மிக வலுவாகச் சொல்லப்பட்டது இதுதான். கோதுமையை விடுவது, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான இரத்தச் சோதனையில் குறி தெரிந்தவர்களுக்கு மட்டும். எல்லோரும் ரோத்தி சானாயை கோதுமைக்காக வெறுக்க வேண்டியதில்லை. தே தாரேயில் ஊற்றும் கண்டென்ஸ்ட் மில்க்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சிகரெட் பிடிப்பவர்கள் அதை முதலில் விடுங்கள். பல் ஈறையும் கவனியுங்கள். ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ், நம் புரதங்களைச் சிறிது மாற்றிவிடும் நொதி ஒன்றை வைத்திருக்கிறது. முடக்குவாதத்தில் உடம்பு எதிர்ப்பது அதே வகையில் மாறிய புரதங்களைத்தான். குடலைப் பற்றியே பேசிக்கொண்டு வாயை மறந்துவிடுகிறோம்.

21 ஜனவரி

தைப்பூசம் வியாழக்கிழமை. விரதம் இருக்கும்போது மூட்டு வலி குறைகிறது, ஏன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

கற்பனை அல்ல. 1991இல் லான்செட் இதழில் வந்த நார்வே ஆய்வு இதையேதான் பார்த்தது. முடக்குவாத நோயாளிகள் 53 பேர். ஒரு பகுதியினர் ஒரு வாரம், பத்து நாள் உபவாசம் இருந்து, பிறகு ஒரு வருடம் சைவ உணவுக்குப் போனார்கள். அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன, ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. அப்புறம் அவர்கள் மலத்தையும் சோதித்து, நன்றாகத் தேறியவர்களின் குடல் பாக்டீரியா மற்றவர்களைவிட அதிகமாக மாறியிருந்ததைப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான். தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்கே தெரியும், அது ஒரு பலவீனம். ஆனாலும் எனக்கு இந்த ஆய்வின்மேல் ஒரு தனி மதிப்பு உண்டு. வெறும் உபவாசத்தில் கிடைத்த நன்மை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் நிற்பதில்லை என்பதும் மற்ற ஆய்வுகளில் தெரிந்ததே.

வெறும் வயிற்றில் டிக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை போடாதீர்கள், வயிற்றில் புண் வந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதிய படை கிளம்பலாம். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தது. அலகு குத்துவதும் காயம், மொட்டை அடிக்கும்போது கத்தி கீறுவதும் காயம். நோய் கிளர்ந்து நிற்கும் வருடத்தில் பால்குடம் எடுக்கலாம். முருகன் அதை ஏற்றுக்கொள்வான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். குதிகால் வலி உள்ளவர்கள் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நின்று நின்று ஏறுங்கள். குதிகாலில் தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் வரும் வலியும் இதே நோயின் வேலைதான்.

28 ஜனவரி

ஒரு அம்மா, மலாய் மூலிகை மருந்தான ஜாமுவைப் பற்றி, "ஜாமு குடித்த மறுநாளே வலி போய்விட்டது, இயற்கை மருந்துக்கு ஈடில்லை" என்று எழுதியிருக்கிறார். அம்மா, மறுநாளே போனதால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் அம்மாவும் முழங்கால் வலிக்கு ஒரு கடையில் பொடி வாங்கிச் சாப்பிட்டார். வலி உடனே பறந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கொஞ்ச காலத்தில் முகம் உப்பி வட்டமாகிவிட்டது, தோல் தொட்டால் ரத்தம் கட்டும், சர்க்கரை எகிறிவிட்டது. மருத்துவமனையில் பார்த்ததுமே, உள்ளே ஸ்டெராய்டு கலந்திருக்கிறது என்றார்கள். நிறுத்தவும் முடியவில்லை. நீண்ட நாள் ஸ்டெராய்டு எடுத்த உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், திடீரென்று விட்டால் மயங்கி விழுவார்கள். மெல்ல மெல்லக் குறைத்துத்தான் மீட்டார்கள். அந்த மாதங்களில் அம்மா பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது.

டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டெராய்டு கலந்த வலிப் பொருள்களைப் பற்றி நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை முகவகம் திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பதிவு பெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். பாரம்பரிய மருந்தானால் இலக்கங்கள் முடிந்ததும் டி (T) என்ற ஆங்கில எழுத்து வரும். எண்ணை முகவகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அதே பொருள்தானா என்று தெரிந்துவிடும், எண்ணைத் திருடி ஒட்டுபவர்களும் உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. ஸ்டெராய்டு மாத்திரையை விட்டதும் உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாகக் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சித்த மருத்துவத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. வெட்பாலைத் தைலத்தை நானும் தலையில் தடவியிருக்கிறேன், செதில் மிருதுவாகும். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுங்குவதையே எதிர்க்கிறேன்.

4 பிப்ரவரி

பட்டர்வொர்த் தம்பி அந்த 380 வெள்ளிப் பெட்டியின் படத்தை ஒரு மருந்தாளுநரிடம் காட்டினாராம், பதிவு எண்ணே இல்லையாம். வாங்கவில்லை, மாத்திரையும் தொடர்கிறது. எனக்குப் பாரம் இறங்கியது. கூடவே கேட்டார்: "ருமட்டாய்டு ஃபேக்டர் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததே, அப்படியானால் எனக்கு மூட்டு நோய் இல்லைதானே?"

நோய் இருக்கலாம் தம்பி. சொரியாசிஸ் மூட்டழற்சியில், முடக்குவாதத்தைத் தேடும் அந்த இரத்தச் சோதனை பெரும்பாலும் இல்லை என்றே வரும். நகத்தில் ஊசி குத்தியது மாதிரிச் சிறு குழிகள், நகம் சதையிலிருந்து கிளம்புவது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், நகத்தை அடுத்த கடைசிக் கணு வீங்குவது, இவற்றைத்தான் மருத்துவர் தேடுவார். வீங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளிதான், ஆனால் தேதி கிடைப்பதற்குள் வீக்கம் வடிந்துவிடும். படம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

11 பிப்ரவரி

"பாக்டீரியா காரணம் என்றால், நல்லவர் ஒருவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே?" நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்து பார்த்தார்கள். டென்மார்க்கில், மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் மூட்டு வீக்கம் அடங்காத சொரியாசிஸ் மூட்டழற்சி நோயாளிகள் 31 பேர். பாதிப்பேருக்கு ஆரோக்கியமானவரின் குடல் பாக்டீரியா, பாதிப்பேருக்குப் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2021இல் முடிவு வந்தது. பாக்டீரியா பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோல்வி. பாவனை பெற்றவர்களில் 19 சதவீதம்.

பாக்டீரியா பெற்றவர்களே கூடுதலாகத் தோற்றார்கள்! இதைப் படித்த அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைக்க மாட்டேன். நானும் நம்பிக்கையோடு காத்திருந்தவள்தான். ஆனால் இப்படி நேர்மையாக நடத்தி, தோற்றதைத் தோற்றதென்று வெளியிட்ட அந்த மருத்துவர்கள்மேல் மரியாதை கூடியது. தொடர்பு இருப்பது ஒன்று, அதைக் கைவைத்துத் திருப்ப முடிவது இன்னொன்று. வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற ஒரே கிருமியைக் கண்டுபிடித்து, அதை அழித்தால் புண் ஆறும் என்று காட்டி மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்த மாதிரி ஒற்றைக் குற்றவாளி இங்கே இன்னும் பிடிபடவில்லை.

18 பிப்ரவரி

சோற்றை நிறுத்தினால் முதுகு வலி போகும் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்ட சகோதரருக்கு.

லண்டனில் ஆலன் எப்ரிங்கர் என்ற ஆய்வாளர் சொன்ன கருத்து அது. கிளெப்சியெல்லா என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு புரதம், முன்பு சொன்ன பி27 மரபணு தரும் புரதத்தைப் போலவே இருக்கிறது, உடம்பு அதை அடிக்கப் போய்த் தன் முதுகெலும்பையே அடித்துக்கொள்கிறது, அந்தக் கிருமி மாவுச்சத்தைத் தின்று பெருகுகிறது, ஆகவே மாவுச்சத்தைக் குறை என்றார். கேட்க அழகான வாதம். பிற்பாடு வந்த பல ஆய்வுகளில் கிளெப்சியெல்லாவின் பங்கு உறுதிப்படவில்லை. பி27 இருப்பவர்களிலும் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது.

அண்ணனிடம் சோற்றை விடச் சொல்லிப் பார்த்தேன். வேண்டுமானால் வீட்டை விட்டுப் போகிறேன், சோற்றை விட மாட்டேன் என்றான். அண்ணி வயிறு வலிக்கச் சிரித்தார். அவனுக்கு உதவியது தினசரி நீச்சலும் வலி மாத்திரையும், பிற்பாடு ஊசியும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் அன்றே கண் மருத்துவரிடம் ஓடுகிறான். யூவியைட்டிஸ் என்ற கண் அழற்சி இந்த நோயோடு கூடவே வரும், தாமதித்தால் பார்வை போகும். இதைப் படிக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ்காரர்கள் அனைவரும் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

3 மார்ச்

சூலியா தெருவிலிருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார். நோன்பு வருகிறது, சல்ஃபாசாலசின் மாத்திரையை எப்படி எடுப்பது என்று. காலை, இரவு என இரண்டு வேளை எழுதித் தந்திருந்தால் பெரும்பாலும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். கிளினிக்கில் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள் நானா, தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.

நீங்கள் விழுங்கும் அந்த மாத்திரைதான் இந்தப் பேச்சு முழுவதற்கும் பொருத்தமானது! நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் மருத்துவர், முடக்குவாதத்துக்குக் கிருமிதான் காரணம் என்று நம்பி, கிருமி மருந்தையும் வலி மருந்தையும் ஒரே மூலக்கூறாக இணைத்து 1940களில் கொண்டுவந்தது. அது பெருங்குடலுக்குப் போனபின், அங்கே உள்ள பாக்டீரியாக்கள்தான் அந்தப் பிணைப்பை வெட்டி இரண்டு மருந்தையும் பிரித்துவிடுகின்றன. பாக்டீரியா இல்லாவிட்டால் அந்த மாத்திரை திறக்கவே திறக்காது. கண்டபடி ஆன்டிபயாட்டிக் போடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செகுகினுமாப் ஊசி போடும் இன்னொருவருக்கு: அது ஐ.எல்.-17 என்ற அழற்சித் தூதுவனைத் தடுக்கிறது. சொரியாசிஸ் தோலில் அது அற்புதமாக வேலை செய்யும். அதே மருந்தைக் குரோன் குடல் நோயில் கொடுத்துப் பார்த்தபோது நோய் மோசமானது, 2012இல் வெளியிட்டார்கள். தோலில் தொல்லை தரும் ஐ.எல்.-17 குடல் சுவரில் காவலும் செய்கிறது. ஆகவே தொடர்ந்து வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை, ஹெப்படைட்டிஸ் பி சோதனை எடுத்திருப்பார்கள். எடுக்கவில்லையென்றால் கேட்டு எடுங்கள், நம் ஊரில் காசநோய் இன்னும் இருக்கிறது.

16 மார்ச்

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு தாயார்: மகளுக்கு ஒன்பது வயது. தொண்டை வலி வந்து இரண்டு வாரத்தில் முதுகு முழுக்க நீர்த்துளி போலச் சிறு சிறு சிவப்புப் படைகள். கிளினிக்கில் சொரியாசிஸ் என்றார்களாம். பிள்ளைக்குக் குடல் சுத்தம் செய்யலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்களாம்.

வேண்டவே வேண்டாம் அம்மா. பிள்ளைக்குப் பேதி மருந்து கொடுத்து நீர் வற்ற விடாதீர்கள். இந்த வகைக்குத் தூண்டுதல் பெரும்பாலும் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலில் இருப்பது அல்ல. தொண்டையில் பஞ்சு விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கிருமி இருந்தால் அந்தத் தொண்டைக்கான ஆன்டிபயாட்டிக்கை முழுதாகக் கொடுங்கள். அதனால் படை சீக்கிரம் போகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை, தொண்டைக்காகவே கொடுக்கிறோம். படைக்குத் தோல் மருத்துவர் களிம்பு தருவார். பல பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாக வடிந்துவிடும். சிலருக்குப் பிற்காலத்தில் சாதாரணச் சொரியாசிஸாகத் திரும்பி வரும், அதனால் அடுத்த முறை தொண்டை வலி வந்தால் உடனே காட்டுங்கள்.

பள்ளியில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தப் படை யாருக்கும் ஒட்டாது. தோல் மருத்துவரிடம் அதை ஒரு கடிதமாக எழுதி வாங்கி, வகுப்பாசிரியர் கையில் நீங்களே நேரில் கொடுங்கள். மலாயிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், ஆசிரியர்கள் எல்லோரும் படிப்பார்கள்.